சரிவுக் காணியில் சுழல் கலப்பை: குறி பார்த்துப் பழுது தீர்க்கும் வழிமுறை

ரொட்டவேட்டர் என்று நாம் சொல்லும் சுழல் கலப்பை சரியாக உழவில்லை என்றதும் நம்மவர்களின் கை ஸ்பேனரைத் தேடுகிறது. கத்தியைக் கழற்றுகிறார்கள், பெல்ட்டை இறுக்குகிறார்கள், கடைசியில் கராஜில் கொண்டுபோய் விடுகிறார்கள். நுவரெலியா, கந்தப்பளை, ராகலை, வெலிமடை, ஊவா பரணகமைப் பக்கங்களில் மரக்கறி செய்யும் காணிகளில் நான் பார்த்த பல பழுதுகளுக்கு வேர் இரும்பில் இருக்கவில்லை. மண்ணின் ஈரத்திலும் நிலத்தின் சாய்விலும்தான் இருந்தது. ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு குறிக்கும் முதலில் மண்ணைப் பாருங்கள், பிறகு கத்தியை, அதன் பிறகே கியர் பெட்டியையும் எஞ்சினையும் பாருங்கள். இந்த வரிசையை மாற்றினால் செலவுதான் கூடும்.

ஒன்றை மட்டும் எதற்கும் முன்னால் செய்யுங்கள். கத்தியில் கை வைக்கும் முன் எஞ்சினை நிறுத்துங்கள். கியரை விலக்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். சரிவில் நிற்கும் இயந்திரத்தின் சில்லுக்குக் கீழ்ப்பக்கம் கல் வையுங்கள். நான்கு சக்கர உழவு இயந்திரமானால், தூக்கி நிற்கும் ரொட்டவேட்டரின் அடியில் மரக்கட்டை கொடுக்காமல் குனிய வேண்டாம். ஹைட்ரோலிக் எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கத்தி மண்ணில் இறங்காமல் மேலே துள்ளுகிறது

மண் காய்ந்து இறுகியிருந்தால் எந்தப் புதுக் கத்தியும் துள்ளத்தான் செய்யும். ஒரு மண்வெட்டியால் கொத்திப் பாருங்கள். மண்வெட்டியே தெறித்தால் உழவுக்கு நேரம் வரவில்லை. தண்ணீர் வசதி இருந்தால் ஒரு நாள் மாலை ஸ்பிரிங்க்ளர் போட்டு நனைத்துவிட்டு, ஈரம் உள்ளே இறங்க ஒன்றிரண்டு நாள் பொறுத்து உழுங்கள். அவசரமென்றால் முதல் சாலில் மேலோட்டமாகவும் இரண்டாம் சாலில் ஆழமாகவும் போகலாம். ஒரே மூச்சில் முழு ஆழத்துக்கும் அழுத்தினால் சுழலும் கத்தியே இயந்திரத்தை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடும். கத்தியும் சில்லும் ஒரே திசையில் சுற்றுவதால் இப்படி நடக்கிறது. இரு சக்கர இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்திருப்பவருக்கு, அதுவும் படித்தட்டின் ஓரத்தில், இது உயிருக்கு ஆபத்து.

மண் பதமாக இருந்தும் துள்ளினால் கத்தியின் திசையைப் பாருங்கள். கத்தியில் ஒரு பக்கம் கூர், மறுபக்கம் முதுகு. சுற்றும்போது கூர்தான் முதலில் மண்ணைத் தொட வேண்டும். கத்தி மாற்றியவர் இடத்தையும் வலத்தையும் குழப்பிப் பூட்டியிருந்தால் முதுகு மண்ணை அடிக்கும். அப்போது சத்தம் வரும், உழவு வராது. பெரும்பாலான கத்திகளில் எல், ஆர் என்ற எழுத்து வெட்டப்பட்டிருக்கும். சேற்றைக் கழுவிவிட்டுப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது தேய்மானம். ஒரு புதுக் கத்தியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வளைந்த நுனியின் அகலம் பாதியாகக் குறைந்திருந்தால் அதை மாற்ற வேண்டும். நம் மலை மண்ணில் குவார்ட்ஸ் கல்துகள் அதிகமுள்ள இடங்களில் கத்தி வேகமாகத் தேயும். மாற்றும்போது முழுத் தொகுதியாக மாற்றுங்கள். முடியாவிட்டால் எதிரெதிரே இருக்கும் சோடியாகவாவது மாற்றுங்கள். ஒன்று புதிது, எதிரில் இருப்பது பழையது என்றால் தண்டு சமநிலை இழந்து அதிரத் தொடங்கும். புதுக் கத்தி பூட்டி முதல் சில மணி நேரம் உழுததும் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்குவது கட்டாயம்.

கடைசியாக ஆழம் வைக்கும் பகுதி. இரு சக்கர இயந்திரத்தின் வாலில் இருக்கும் சிறு சக்கரம் கீழே இறங்கி இருந்தால் கத்தி ஆழம் போகாது. ரொட்டவேட்டரின் இரு பக்கச் சறுக்குத் தகடுகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

மண் கத்தியைச் சுற்றி அப்பிக்கொள்கிறது, உழுத இடம் பளபளக்கிறது

ஈரம் அதிகம். இதற்கு இயந்திரத்தில் செய்ய ஒன்றுமில்லை. உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் அழுத்துங்கள். உருண்டையாகி, பெருவிரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் நசுங்கினால் அல்லது பென்சில் அளவுக்குத் திரியாக உருட்ட முடிந்தால் இயந்திரத்தை இறக்காதீர்கள். வெலிமடைப் பக்கம் பெரும்போகத்தில் நெல் செய்துவிட்டு அதே வயலில் சிறுபோகத்துக்கு உருளைக்கிழங்கு போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். சேறடித்த வயல் மேலே காய்ந்த மாதிரித் தெரியும், நாலு விரல் கீழே களியாக இருக்கும். முதலில் ஓரக் கானை ஆழப்படுத்தித் தண்ணீரை வடிய விடுங்கள். அந்த ஈரத்தில் உழுதால் கட்டிகள் வெயிலில் கல்லாக இறுகும், பிறகு அவற்றை உடைக்க மூன்று தடவை ஓட்ட வேண்டிவரும். பொறுத்திருப்பதால் போகும் நாட்களைவிட அது பெரிய நட்டம்.

மண் மாவாகிவிடுகிறது

பலர் இதைப் பழுதாகவே எண்ணுவதில்லை. மாவு போன்ற பாத்தியைப் பார்த்து மகிழ்ந்து, ஓட்டுநருக்குக் கூலியும் கூட்டிக் கொடுப்பார்கள். மலைநாட்டில் சுழல் கலப்பை செய்யும் மிகப் பெரிய கேடு இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எஞ்சின் உடைந்தால் பணம் கொடுத்துத் திருத்தலாம். போன மேல்மண்ணைத் திருத்த முடியாது.

பொடியான மண்ணில் முதல் கனமழை விழுந்ததும் துகள்கள் துவாரங்களை அடைத்து மேலே ஓடு கட்டும். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடும். ஓடும் தண்ணீர் மண்ணையும் எடுத்துக்கொண்டு போகும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கொட்டும் மழை நம் பக்கம் வழக்கம். நடுகைக்காக உழும் காலமும் அதை ஒட்டியே வருகிறது. அந்த மழையில் கானில் ஓடும் செந்நீர் உங்கள் எருவும் உங்கள் உரமும்தான். ஊவாச் சரிவுகளின் மண் உமா ஓயா வழியாக மகாவலிக்குப் போய் ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் படிகிறது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. ஆனால் ரொட்டவேட்டரின் பின் மூடியை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லாது, நாம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

திருத்தும் வழி எளிது. பின் மூடியை உயர்த்துங்கள். மூடி தாழ்ந்திருந்தால் வீசப்படும் மண் அதில் மோதி மறுபடி உடையும், உயர்ந்திருந்தால் கட்டியாகவே விழும். கத்தித் தண்டின் வேகத்தைக் குறைத்து, முன்னோக்கிப் போகும் கியரை ஒரு படி கூட்டுங்கள். ஒவ்வொரு கத்தியும் அப்போது பெரிய துண்டாக வெட்டும். ஒரே தடவை ஓட்டுங்கள். கரட்டும் பீட்ரூட்டும் விதைக்கும் பாத்திக்கு மேலே ஓர் அங்குலம் நைசாக இருந்தால் போதும், அதைக் கைவாரியால் செய்துகொள்ளலாம். கோவாவுக்கும் லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் அதுகூடத் தேவையில்லை. நெல்லிக்காய் அளவு கட்டிகள் இருக்கட்டும், அவைதான் மழைத்துளியின் அடியைத் தாங்கும்.

காணியின் மேல் ஓரத்தில் சிவப்பு மண் தெரிகிறது, கீழ் ஓரத்தில் கறுப்பு மண் குவிகிறது

மழை மட்டும் இதற்குக் காரணம் என்று நினைக்க வேண்டாம். கலப்பையும் மண்ணை இறக்குகிறது. ஒரே பக்கம் புரட்டும் வட்டத்தட்டுக் கலப்பையை வருடாவருடம் சரிவின் கீழ்நோக்கி வீசும்படி ஓட்டினால், ஒரு துளி மழை இல்லாமலே மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்ச் சேரும். சரிவில் ஏற்றமும் இறக்கமுமாக ஓட்டினால், அந்தச் சால்களே மழையில் நீரோடைகளாகிவிடும்.

சமவுயரக் கோட்டில், அதாவது சரிவுக்குக் குறுக்காக ஓட்டுங்கள். புரட்டும் கலப்பை வாங்குவதாக இருந்தால் இரு பக்கமும் திருப்பக்கூடியதை வாங்கி, மண்ணை எப்போதும் மேல்நோக்கிப் புரட்டுங்கள். ஆனால் குறுக்காக ஓட்ட முடியாத அளவு செங்குத்தான காணியில் நான்கு சக்கர இயந்திரத்தை இறக்கவே கூடாது. அது புரண்டுவிடும். அங்கே முதலில் கல் வரம்பு கட்டிப் படித்தட்டு அமைக்க வேண்டும், அல்லது கையால்தான் கொத்த வேண்டும். கானில் தேங்கிய வண்டலை வருடத்துக்கு ஒரு தடவையாவது அள்ளி மேல் தட்டில் போடுங்கள். தோட்டத்தில் கான் வெட்டிப் பழகிய நம் மக்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

கரட் கவையாகப் பிரிகிறது, மழைக்குப் பின் பாத்தியில் தண்ணீர் தேங்குகிறது

சுழல் கலப்பை எப்போதும் ஒரே ஆழத்தில் ஓடினால், கத்தி எட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே மண் தட்டையாக இறுகி ஒரு படலம் உருவாகும். ஈரத்தில் உழுதிருந்தால் இன்னும் சீக்கிரம் உருவாகும். ஒரு கம்பியை மண்ணில் குத்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு இறங்கி, ஓர் இடத்தில் முட்டி நின்று, அதைத் தாண்டினால் மறுபடி இலகுவாக இறங்கினால் அதுதான் கடினப் படலம். ஒரே இடத்தில் பார்த்து முடிவுசெய்யாமல் காணியின் பல இடங்களில் குத்திப் பாருங்கள். கல்லில் முட்டியிருக்கவும் கூடும்.

பெரிய, ஓரளவு தட்டையான காணியில் நான்கு சக்கர இயந்திரத்தில் உளிக் கலப்பை பூட்டி, மண் காய்ந்திருக்கும்போது படலத்துக்குக் கீழே ஓட்டலாம். ஈரத்தில் ஓட்டினால் உளி படலத்தை உடைக்காமல் கீறிவிட்டுப் போகும். இரு சக்கர இயந்திரத்துக்கு அந்த இழுவை கிடையாது, வீணாக வதைக்க வேண்டாம். தேயிலை மலையில் மண் குத்தப் பயன்படும் முள்ளை எடுத்து வரிசையாகக் குத்தி நெம்புவதே சிறு தட்டுகளுக்கு நல்ல வழி. அதன்பின் ஆண்டுக்கு ஓர் உழவாவது சுழல் கலப்பைக்குப் பதிலாகக் கொழுக் கலப்பையால் செய்யுங்கள், ஆழத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

இயந்திரம் ஒரு பக்கம் இழுக்கிறது

சில்லின் காற்று இரு பக்கமும் சமமா என்று பாருங்கள். அது சரியென்றால் கத்திகளின் வரிசையைப் பாருங்கள். இடக் கத்தியும் வலக் கத்தியும் மாறி மாறி வர வேண்டும், இரு ஓரக் கத்திகளும் உள்ளே பார்த்து நிற்க வேண்டும். எல்லாம் உள்ளே பார்த்தால் நடுவில் மேடு விழும், எல்லாம் வெளியே பார்த்தால் நடுவில் பள்ளம் விழும். உருளைக்கிழங்குக்கு வரம்பு அணைக்க முதல் வகையை வேண்டுமென்றே பூட்டுவார்கள். பிறகு பழையபடி மாற்ற மறந்துவிடுவார்கள்.

இரு சக்கர இயந்திரம் இறக்கத்தில் எதிர்ப்பக்கம் திரும்பினால் அதைப் பழுதென்று நினைத்துக் கழற்றாதீர்கள். சமதரையில் வலக் கிளட்சைப் பிடித்தால் வலப்பக்கச் சில்லுக்கு விசை நின்று இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் எஞ்சின்தான் சில்லுகளைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே வலக் கிளட்சைப் பிடித்தால் வலச் சில்லு விடுபட்டு வேகமாக ஓடும், இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். புதிதாக ஓட்டும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் கைப்பிடியைக் கொடுக்க வேண்டாம். இறக்கத்தில் தாழ்ந்த கியரில், கிளட்சைத் தொடாமல், கைப்பிடியை உடலால் தள்ளித் திருப்புவதே பாதுகாப்பு. கத்தி சுற்றும்போது பின்னோக்கி எடுப்பதும் கூடவே கூடாது.

அதிர்வும் தட்டும் சத்தமும்

உடைந்த கத்தி, தளர்ந்த நட்டு, வளைந்த தண்டு என்ற வரிசையில் பாருங்கள். நான்கு சக்கர இயந்திரத்தில் இவை சரியாக இருந்தும் அதிர்ந்தால், இயந்திரத்தின் விசையை ரொட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பிடிஓ தண்டைப் பாருங்கள். தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கழற்றிப் பூட்டும்போது ஒரு பல் மாறி ஏறினாலும் தண்டு சீராகச் சுற்றாது. ரொட்டவேட்டரைத் தூக்கினால் மட்டும் சத்தம் வருகிறதென்றால் இணைப்பின் கோணம் கூடிவிட்டது. தட்டின் முனையில் திரும்பும்போது பிடிஓவை நிறுத்திவிட்டுத் தூக்குவதைப் பழக்கமாக்குங்கள். தண்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி வீசியிருப்பவர்கள் இன்றே வேறு வாங்கிப் போடுங்கள். நிமிடத்துக்கு 540 தடவை சுற்றும் தண்டு சாரத்தின் நுனியைப் பிடித்தால் ஆளை இழுக்க ஒரு நொடியும் ஆகாது. மலைக்குளிரில் மேல்சட்டைக்கு மேல் சட்டையும் கழுத்தில் துண்டும் போட்டு வேலை செய்பவர்கள் நாம்.

சியர் போல்ட் அடிக்கடி முறிகிறது

கல்லும் பழைய தேயிலை வேரும் உள்ள காணியில் அது முறியத்தான் வேண்டும், கியர் பெட்டிக்குப் பதிலாகத் தான் முறிவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். முறிகிறதே என்று அதைவிட வலுக்கூடிய போல்ட்டைப் போட்டால் அடுத்த கல்லில் கியர் பெட்டியின் பல் முறியும். சரியான வலுவுள்ள சில போல்ட்டுகளைப் பையில் வைத்திருங்கள். தேயிலை பிடுங்கிய நிலத்தை மரக்கறிக்கு எடுத்தால் முதல் வருடம் வேர்களைக் கையால் அகற்றிய பின்பே ரொட்டவேட்டரை இறக்குங்கள்.

கியர் பெட்டி ஒயில் கசிகிறது அல்லது பாலாக மாறியிருக்கிறது

கத்தித் தண்டின் முனையில் போஞ்சிக் கொடிக்குக் கட்டிய நூல், பொலித்தீன், உரப்பை நார் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அது இறுகி ஒயில் சீலை அறுத்துவிடும். தினமும் வேலை முடிந்ததும் கத்தியால் வெட்டி எடுங்கள். சீல் புதிதாக இருந்தும் கசிந்தால் பெட்டியின் மேல் உள்ள காற்றுத் துவாரம் சேற்றால் அடைபட்டிருக்கும். ஒயில் பால் நிறமானால் தண்ணீர் புகுந்துவிட்டது. முழுவதையும் வடித்து, சீலை மாற்றி, புது ஒயில் ஊற்றுங்கள். பெரும்பாலான ரொட்டவேட்டர்களுக்கு 90ஆம் இலக்கக் கியர் ஒயில்தான், ஆனாலும் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அளவைச் சமதரையில் வைத்தே பாருங்கள். சரிவில் நின்று பார்த்தால் ஒயில் ஒரு பக்கம் சாய்ந்து பொய்யளவு காட்டும். எஞ்சின் ஒயிலுக்கும் இதே விதி.

எஞ்சின் திணறுகிறது, கறும்புகை கக்குகிறது

முதலில் காற்று வடிகட்டி. ஒயில் தட்டு வைத்த வகையென்றால் அடியில் படிந்த சேற்றை அகற்றிப் புது ஒயில் விடுங்கள். பிறகு பெல்ட்: நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு விரல் தடிப்பு அளவுக்கு அமுங்க வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் வழுக்கி எரிந்த வாடை வரும். பெல்ட்டுகளில் ஒன்று போனாலும் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் திணறினால் வாங்கும்போதே கணக்குத் தப்பியிருக்கலாம். உயரம் கூடக் கூடக் காற்று ஐதாகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஐந்தில் ஒரு பங்கு வலு காற்றோடு போய்விடும். ரொட்டவேட்டரின் ஓர் அடி அகலத்துக்குச் சுமார் 10 குதிரைவலு என்பது பொதுக் கணக்கு. தாழ்நிலத்தில் 40 குதிரைவலு இயந்திரம் நாலடி ரொட்டவேட்டரை இழுக்கும், நுவரெலியாவில் அதற்கு மூன்றடி அல்லது மூன்றரை அடிதான் சரி. ஆனால் ரொட்டவேட்டரின் அகலம் பின் சில்லுகளின் வெளி அகலத்தைவிடக் குறையவும் கூடாது, குறைந்தால் சில்லு மிதித்த தடம் உழப்படாமல் நிற்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் சில்லுகளின் இடைவெளியைக் குறைக்க முடியுமா, ரொட்டவேட்டரை ஒரு பக்கம் தள்ளிப் பூட்ட முடியுமா என்று வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். தட்டுக்கு ஏறும் பாதையின் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள். குறுகிய தட்டுகளுக்கு என் தேர்வு எப்போதும் இரு சக்கர இயந்திரம்தான்.

ஜனவரி, பெப்ரவரி உறைபனிக் காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பது பெரிய பழுதல்ல. எஞ்சினின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்பிரஷன் லீவரைத் தூக்கிப் பலமுறை சுற்றி, எஞ்சினுக்குள் ஒயில் பரவிய பின் விடுங்கள்.

ஒரு காணியில் இருந்த நோய் அடுத்த காணிக்கும் வந்துவிட்டது

கூலிக்கு ஓடும் இயந்திரங்கள் உள்ள ஊரில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கோவாவின் வேர் வீங்கும் கிளப்ரூட், உருளைக்கிழங்கின் பக்டீரியா வாடல், உருளைக்கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் சிஸ்ட் நூற்புழு ஆகிய மூன்றும் மண்ணோடு பயணம் செய்பவை. கத்தியில் ஒட்டிய ஒரு பிடி மண்ணே போதும். உழுது முடிந்ததும் அதே காணியின் ஓரத்தில் மரக்குச்சியால் மண்ணைச் சுரண்டி, தண்ணீர் அடித்து, கத்தி, மூடியின் உட்புறம், சில்லு மூன்றையும் கழுவிவிட்டுத்தான் இயந்திரம் வெளியேற வேண்டும். கழுவிய தண்ணீர் ஓடைக்கோ பொதுக் கானுக்கோ போகக் கூடாது. நோயுள்ள காணி என்று தெரிந்தால் அதை அன்றைய வரிசையில் கடைசியாக வையுங்கள். வாடகைக்கு எடுப்பவரும் கூச்சப்படாமல் கத்தியைக் காட்டச் சொல்லலாம். மண் ஒட்டிய கத்தியோடு வந்தால் காணிக்குள் இறக்கும் முன் கழுவச் சொல்லுங்கள், அதற்கான தண்ணீரை நீங்களே கொடுங்கள்.